அப்பாவுக்கு ஊதும் டெஸ்ட்: கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் எங்கே பொறுமையாக எடுப்பார்கள்?

வணக்கம். நாங்கள் பர்கூர் பக்கம். அப்பாவுக்கு 66 வயது, இருபது வருடத்துக்கு மேல் கிரானைட் அறுக்கும் பட்டறையில் வேலை. இப்போது நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. சர்க்கரை உண்டு, போன வருடம் இதயத்தில் ஸ்டென்ட்டும் வைத்தாயிற்று. மூச்சிரைப்பு நுரையீரலாலா இதயத்தாலா என்று தெரிய ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதவைத்து நுரையீரல் எப்படி வேலை செய்கிறது என்று அளக்கும் டெஸ்ட்) எடுக்கச் சொன்னார் டாக்டர்.

ஒரு இடத்தில் எடுத்தோம். மூக்கில் கிளிப் போட்டு "ஊதுங்க, ஊதுங்க" என்று அவசரப்படுத்தியதில் இவருக்கு இருமல் வந்து பாதியிலேயே நின்றுவிட்டது. காதும் சரியாகக் கேட்காது, பாவம். குறைந்தது மூன்று தடவையாவது ஒழுங்காக ஊதினால்தான் கணக்காம். முதல் நொடியில் வெளிவரும் காற்று, மொத்தக் காற்றில் 70 சதவீதத்துக்குக் குறைந்தால் மூச்சுக்குழாய் அடைப்பு என்று பார்ப்பார்களாம். அரைகுறை ஊதலில் அது எப்படித் தெரியும்? ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் திரும்ப எடுக்கச் சொல்லிவிட்டார்.

போன வாரம்தான் கண்புரை ஆபரேஷன் ஆனது. அழுத்தி ஊதினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும் என்பதால் கண் டாக்டர் சரி என்ற பிறகே போவோம்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதை எந்தக் கிழமை எடுக்கிறார்கள்? ஸ்டென்ட் வைத்தவர்கள் யாராவது எடுத்திருந்தால் எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். அப்புறம், பல்செட்டைக் கழற்ற வேண்டுமா?