ஃப்ளூட்டிகாசோன் இன்ஹேலர் மாடல்: வால் பொருந்தினால் ஏயுசி இடிக்கிறது

துகள்கணக்கு:
ஃப்ளூட்டிகாசோன் புரொப்பியோனேட் (ஆஸ்துமாவுக்கான ஸ்டீராய்டு மருந்து) பவுடர் இன்ஹேலருக்கு ஒரு பிபிபிகே மாடல் (மருந்து உடலில் போகும் பாதையை உறுப்பு உறுப்பாகக் கணிக்கும் கணித மாடல்) கட்டியிருக்கிறேன். நுரையீரல் ஒரே அறை, அங்கிருந்து ரத்தத்துக்கு முதல்படி உறிஞ்சல் (மீதமுள்ள அளவுக்கு ஏற்ற வேகத்தில்). அதன் வேக மாறிலி, செல் அடுக்கில் அளந்த ஊடுருவுதிறனிலிருந்து எடுத்தது. மாடலில் ப்ளாஸ்மா உச்சம் பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறது. ஆஸ்துமா நோயாளிகளின் டேட்டாவில் உச்சம் தாமதம், உயரமும் குறைவு, வால் (வளைவு மெதுவாக இறங்கும் கடைசிப் பகுதி) நீளம். மாறிலியைக் குறைத்தால் வால் பொருந்துகிறது, ஆனால் ஏயுசி (வளைவின் கீழுள்ள பரப்பு, அதாவது ரத்தத்துக்கு வந்த மொத்த மருந்தின் அளவுகோல்) இறங்க மறுக்கிறது. துகளின் ஏரோடைனமிக் விட்டம் (காற்றில் அதே வேகத்தில் விழும், நீரின் அடர்த்தியுள்ள உருண்டையின் விட்டம்) 3.4 மைக்ரான். எங்கே கோட்டை விடுகிறேன்?

நுண்பொடி:
உங்கள் மாடலில் மருந்து கரைந்த நிலையிலேயே நுரையீரலில் இறங்குகிறது. ஃப்ளூட்டிகாசோனுக்கு அது சரிவராது. நீரில் அதன் கரைதிறன் சுமார் 0.14 மைக்ரோகிராம்/மிலிதான். கையால் போட்டுப் பாருங்கள்:

கரையும் நேரம் = அடர்த்தி × ஆரம்² ÷ (2 × விரவல் குணகம் × கரைதிறன்)

அடர்த்தி 1.3 கிராம்/செமீ³ என்றால் 3.4 மைக்ரான் ஏரோடைனமிக் விட்டம் என்பது உண்மையில் 3 மைக்ரான் துகள் (1.3-இன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும்). படிவுக்கு ஏரோடைனமிக் விட்டம், கரைதலுக்கு நிஜ விட்டம். இதை மாற்றிப் போட்டால் நேரம் 30% எகிறும். விரவல் குணகம் 5×10⁻⁶ செமீ²/நொடி என வைத்தால் விடை கிட்டத்தட்ட 21,000 நொடி, ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பாதி விட்டத் துகளுக்கு அதில் கால்பங்கு போதும். நுரையீரல் திரவத்தில் சர்ஃபாக்டன்ட் (சோப்பு போலச் செயல்படும் பொருள்) இருப்பதால் கரைதிறன் நீரைவிடக் கூடும். அதனால் ஆறு மணி நேரத்தை மேல் எல்லையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே அளவுத் துகளாக வைக்காமல் எட்டுப் பத்து அளவுக் கூடைகளாகப் பிரியுங்கள். ஆரத்தை மாறியாக வைத்தால் துகள் கரைந்து தீரும் தறுவாயில் சால்வர் (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்) திணறி நிற்கும், அங்கே சாய்வு முடிவிலிக்குப் போகிறது. ஆரத்தின் வர்க்கத்தை மாறியாக வையுங்கள். அது நேர்கோட்டில் இறங்கும், பூஜ்யத்தில் நிறுத்திவிடலாம்.

சிலியா:
மேலே சொன்னது வாலுக்கு மருந்து. ஏயுசி-க்கு அது மட்டும் போதாது. எவ்வளவு மெதுவாக உறிஞ்சினாலும் வெளியேற வேறு வழியில்லாவிட்டால் முழு டோஸும் ரத்தத்துக்கே போய்ச் சேரும், அதனால்தான் உங்கள் ஏயுசி அசையவில்லை. விடுபட்ட வழி மியூக்கோசிலியரி கிளியரன்ஸ், அதாவது சளியோடு துகள் வெளியேறுவது. மூச்சுக்குழாயில் சளி நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் மேலேறுகிறது. கரையாத துகளும் கூடவே போய்த் தொண்டையில் விழுங்கப்படும். ஃப்ளூட்டிகாசோனில் வாய்வழி உயிர்க்கிடைப்பு (விழுங்கியதில் ரத்தத்தைச் சேரும் பங்கு) 1%-க்கும் கீழே, ஆக விழுங்கியது கணக்கிலிருந்து போயே போய்விடும். நுரையீரலை மையக் குழாய்கள், ஆல்வியோலார் (காற்றுப் பை) பகுதி என இரண்டாகவாவது பிரித்து, முதலாவதில் மட்டும் இந்த வழியைத் திறந்துவிடுங்கள். ஆஸ்துமாவில் குழாய்கள் குறுகி மருந்து மையத்திலேயே அதிகம் படியும், இழப்பும் அங்கேதான். சால்பியூட்டமாலுக்கு (வேறொரு இன்ஹேலர் மருந்து) இதை அப்படியே நகலெடுக்க வேண்டாம். விழுங்கியதில் ஒரு பங்கு குடல் வழியாக ரத்தத்துக்கு வரும், அந்தப் பாதையும் மாடலில் வேண்டும்.

துகள்கணக்கு:
இரண்டையும் சேர்த்தேன், வளைவு வடிவத்துக்கு வந்துவிட்டது. மையம்–ஆல்வியோலார் பங்கீட்டை சிஎஃப்டி-யிலிருந்து (காற்றோட்டத்தைக் கணினியில் கணிக்கும் முறை) எடுக்கலாமா? கரைதல், உறிஞ்சல், உடலின் கிளியரன்ஸ் (ரத்தத்திலிருந்து மருந்து நீங்குவது) மூன்றையும் இன்ஹேலர் டேட்டாவிலேயே ஃபிட் செய்யலாமா?

நுண்பொடி:
இரண்டாவது கேள்விக்கு: கூடாது. ஃப்ளூட்டிகாசோனில் நுரையீரலிலிருந்து வரும் வேகம் உடல் வெளியேற்றும் வேகத்தைவிடக் குறைவு. வாலில் தெரிவது உறிஞ்சல், எலிமினேஷன் அல்ல. ஃப்ளிப்-ஃப்ளாப் என்பது இதுதான். உடலின் கிளியரன்ஸையும் பரவல் கனஅளவையும் (மருந்து உடலில் எவ்வளவு பரவுகிறது என்ற அளவு) நரம்பு ஊசி டேட்டாவில் முடிவுசெய்து பூட்டிவிடுங்கள். இன்ஹேலர் டேட்டாவில் நுரையீரல் பாராமீட்டர்களை மட்டும் தொடுங்கள்.

சிலியா:
சிஎஃப்டி எடுக்கலாம், கே-எப்சிலான் என்ற கொந்தளிப்பு மாடலில் ஓட்டாமல் இருந்தால். அது சுவரருகே கொந்தளிப்பை எல்லாத் திசையிலும் சமமாக எடுத்துக்கொள்ளும், சிறு துகள்கள் தொண்டையிலேயே தேவைக்கு மேல் படிந்துவிடும். கே-ஒமேகா எஸ்எஸ்டி என்ற இன்னொரு கொந்தளிப்பு மாடலும் சுவர்த் திருத்தமும் பரவாயில்லை. உள்ளீட்டு டோஸ் லேபிளில் உள்ளதா, இன்ஹேலரிலிருந்து வெளிவந்ததா என்றும் பாருங்கள். தொண்டை, நுரையீரல், வெளிமூச்சு மூன்றின் கூட்டல் வெளிவந்த டோஸுக்குச் சமமாக வராவிட்டால் ஃபிட்டைத் தொடவே வேண்டாம்.