புரொஜெக்ட் மனேஜ்மென்ட் உங்களுக்கு எங்கே பிடிபட்டது? வன்னியில் படித்த, ட்ரெயினிங் செய்த பொறியியல் ஆட்கள் சொல்லுங்கள்

குளக்கட்டு

பாடத்தில் படித்ததை விடுங்கள், அதை எல்லோரும் படித்துத்தான் பாஸ் பண்ணினோம். எனக்கு ஒரு ஐயா கேட்ட கேள்வி இன்னும் மண்டைக்குள் நிற்கிறது, அதை எழுதத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பைனல் இயர் புரொஜெக்ட். வாய்க்காலில் நீர்மட்டத்தை அளந்து போனுக்கு அனுப்புகிற சென்சர், எல்லாப் பச்சிலும் ஒரு குழுவாவது செய்கிற அதே சாமான்தான். எங்கள் குழுத் தலைவன் எக்ஸலில் கான்ட் சார்ட் (எந்த வேலை எப்போது தொடங்கி எப்போது முடியும் என்று பெட்டிகளாகக் காட்டுகிற அட்டவணை) போட்டிருந்தான், வடிவாகத்தான் இருந்தது, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிறம், கடைசிப் பெட்டி "வயலில் சோதித்தல்", செப்டெம்பர். சூப்பவைசரும் பார்த்துக் கையெழுத்து வைத்துவிட்டார். அப்புறம் அனுமதி கேட்டு இரணைமடு வாய்க்கால் பக்கம் ஒரு கமக்காரர் அமைப்பின் செயலாளரிடம் போனோம். ஐயா தோளில் துவாயோடு திண்ணையில் இருந்தார். சார்ட்டை வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டு, அந்தக் கடைசிப் பெட்டியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "தம்பியவை, செப்டெம்பரிலை வாய்க்காலுக்குள்ளை ஓணான்தான் ஓடும். உங்கடை மிசின் அதையோ அளக்கப் போகுது?"

சிறுபோகத் தண்ணீர் அதற்கு முன்பே பூட்டிவிடும், காலபோகத்துக்கு மழை தொடங்க ஒக்டோபர் ஆகும். குழுவில் பாதிப் பேர் கமக்காரரின் பிள்ளைகள், ஒருவருக்கும் இது தெரியாத விசயம் இல்லை, ஆனால் சார்ட்டைப் பார்த்தபோது ஒருவரும் வயலை நினைக்கவில்லை. பிறகு ஐயா உள்ளே போய் ஒரு சீஆர் கொப்பி கொண்டுவந்தார். எந்தக் கிளை வாய்க்காலுக்கு எந்தக் கிழமை முறை, கதவை யார் திறப்பது, அவருக்கு ஏலாவிட்டால் அடுத்தது யார், பூட்டுகிற திகதி சிவப்புப் பேனையால். பயிர்ச்செய்கைக் கூட்டம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே, அரசாங்க அதிபர், நீர்ப்பாசனத் திணைக்களம், கமநல சேவைகள், அமைப்புக்காரர் எல்லாம் இருந்து, குளத்தில் இருக்கிற தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் தாங்கும் என்று பார்த்து, திறக்கிற நாளையும் பூட்டுகிற நாளையும் விதைக்க முதலே முடிவு செய்துவிடுவார்கள். அந்த முடிவில் இருந்து பின்னுக்கு எண்ணித்தான் அவர் கொப்பி எழுதியிருந்தார். எங்களுடையது செமஸ்டர் தொடங்கிய நாளில் இருந்து முன்னுக்கு எண்ணியது.

கொப்பியைப் படம் எடுக்கலாமா என்று கேட்டேன். "வேண்டாம் தம்பி, ஆர் ஆர் தண்ணி களவெடுத்தவை எண்டும் அதுக்கைதான் கிடக்கு" என்றார்.

செம்மண் தூசி

எனக்கு ட்ரெயினிங்கில் நடந்தது. முல்லைத்தீவுப் பக்கம், இரண்டு மாடிக் கட்டடம், நவம்பர் மாதம், அன்றைக்குப் பிளேட், அதாவது மாடியின் கொங்கிரீட் தளம், போடுகிற நாள். பிளேட் நாள் எப்படி இருக்கும் என்று விளக்கத் தேவையில்லை, விடியவே ஆட்கள் வந்து, சல்லியும் மணலும் குவிந்து, ஒரு பக்கம் சமையலும் ஏறிவிட்டது. சைற் இன்ஜினியர் ஒரு அக்கா, வயது முப்பதுகூட இராது. மேலே ஏறிக் கம்பி எல்லாம் பார்த்து இறங்கி வந்து கொந்தராத்துக்காரரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டா: "ஒரு மிக்சர்தானே நிக்குது, இது இடையிலை நிண்டால் மற்றது எங்கை?"

"இது நிக்காது பிள்ளை, போன கிழமைதான் திருத்தினது."

"நிண்டால்?"

அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. பாதி பிளேட்டில் கொங்கிரீட் நின்று சில மணித்தியாலம் போனால், போட்டது இறுகிவிடும், பிறகு போடுவது அதோடு சரியாக ஒட்டாது, அந்த மூட்டால் ஒழுகும், பலமும் குறையும். நிறுத்தத்தான் வேண்டும் என்றால் எந்த இடத்தில் நிறுத்துவது என்று முதலே தீர்மானித்திருக்க வேண்டும், அதுவும் அங்கே இல்லை. வேலையை நிற்பாட்டிவிட்டா.

அந்த மனுசன் என்ன செய்தார் தெரியுமா, மிக்சரை வெறுமனே ஓடவிட்டுப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். மத்தியானம் வரைக்கும். ஒரு தரம்கூட நிற்கவில்லை. மழையும் இல்லை, நல்ல வெயில். நாங்கள் கன்ரீனுக்குள் இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டோம், அக்காவும்தான், ஒரு கதையும் இல்லை.

அவ செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் புதுக்குடியிருப்பில் இருந்து விடியப் பஸ் ஏறி வந்த கூலியாட்களுக்கு அன்றைய சம்பளம்? அக்கா சண்டை பிடித்துப் பாதி வாங்கிக் கொடுத்தா. மீதிப் பாதி எனக்கு இன்னும் செமிக்கவில்லை.

ஏ9 பயணி

இரண்டு பேருக்கும் நன்றி, ஆனால் கொஞ்சம் மறுக்க வேண்டியிருக்கிறது.

குளக்கட்டு, ஐயாவை மெச்சுங்கள், அதற்காகக் கான்ட் சார்ட்டில் பிழை சொல்லாதீர்கள். அது எத்தனை நாள் என்று காட்டுகிற சாதனம், எதை எது தடுக்கிறது என்று நீங்கள்தான் அதற்குச் சொல்ல வேண்டும். போலந்து இன்ஜினியர் ஆதாமியெட்ஸ்கி 1896 இலேயே இப்படி ஒன்று கீறினார், ஹென்றி கான்ட் 1910களில் பிரபலமாக்கினார். "இது முடியாமல் அது தொடங்காது" என்கிற கணக்கு ஒழுங்காக வந்தது 1950களின் கடைசியில்தான், டூபொன்ட் கொம்பனி கிரிட்டிகல் பாத் முறையைச் செய்வித்தபோது. அதே காலத்தில் அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்கு பேர்ட் என்று அதே மாதிரி ஒரு திட்டமிடல் முறையைச் செய்தது. தண்ணீர் பூட்டும் திகதியை முதலில் போட்டிருந்தால் அதே எக்ஸல் உங்களுக்குச் சொல்லியிருக்கும்.

செம்மண் தூசி, மன்னிக்கவும், உங்கள் அக்கா செய்தது நல்ல மனேஜ்மென்ட் இல்லை. இரண்டாவது மிக்சர் எங்கே என்பது ஒரு கிழமைக்கு முதல் கேட்க வேண்டிய கேள்வி. சல்லி இறங்கி, ஆள் வந்து, அடுப்பும் மூட்டின பிறகு கேட்டால் அதற்கு ஒரு விலை இருக்கிறது, அதைத்தான் கூலியாட்கள் கட்டினார்கள்.

என் கதை சின்னது. கொழும்பில் ஒரு இன்டர்வியூ, "உங்கள் குழு பிந்திய ஒரு சந்தர்ப்பம் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள், எனக்கு முன்னால் இருந்தவன் "நாங்கள் பிந்தினதே இல்லை சேர்" என்றான், கேட்டவர் பேனையை மூடி வைத்தார். அந்தப் பேனை மூடின சத்தம்தான் நினைவிருக்கிறது. அவ்வளவுதான்.

இப்ப ஜூனியர்களுக்குச் சில விசயம். படிக்கும்போதே பீஎம்பீ (பீஎம்ஐ என்கிற அமைப்பு கொடுக்கிற புரொஜெக்ட் மனேஜ்மென்ட் சான்றிதழ்) எடுக்கலாம் என்று யாராவது கிளாஸ் விற்றால் நம்பாதீர்கள், பட்டம் கையில் இருந்தாலும் புரொஜெக்ட் நடத்திய 36 மாத அனுபவம் கேட்பார்கள். மாணவருக்குச் சரியானது சீஏபீஎம் என்கிற தொடக்கநிலைச் சான்றிதழ், அதே பீஎம்ஐதான் நடத்துகிறது, அனுபவம் தேவையில்லை, 23 மணித்தியாலப் படிப்புக் காட்டினால் போதும், 150 கேள்வி, 3 மணித்தியாலம். ஆனால் கட்டணம் டொலரில், வீட்டில் கடன் பட்டுக் கட்டாதீர்கள், வேலை கிடைத்த பிறகு கொம்பனி கட்டினாலும் கட்டும். பிரைமவேரா (திட்டமிடல் மென்பொருள்) தெரியாது என்று பயப்படவும் வேண்டாம், எக்ஸலில் ஒரு வேலைக்கு முன் எது முடிய வேண்டும் என்ற ஒரு நிரலைச் சேர்த்து, எந்த வேலை பிந்தினால் முழுதும் பிந்தும், எதற்கு இரண்டு நாள் இடம் இருக்கிறது என்று கையால் கணக்குப் பார்க்கப் பழகினால் மென்பொருள் பிறகு தானாக வரும். சிவில் ஆட்கள் பீஓகியூவை (வேலைகளையும் அளவுகளையும் விலைகளையும் எழுதிய பட்டியல்) வாசிக்கப் பழகுங்கள். வேலை எங்கே பிந்துகிறதோ அங்கே காசும் பிந்தும், பில் போகாமல் கொந்தராத்துக்காரர் கம்பி வாங்கமாட்டார், கம்பி இல்லாமல் உங்கள் சார்ட் ஓடாது. கிழமைக்கு ஒரு மீட்டிங் போதும். மீட்டிங்கில் என்ன முடிவு என்று அன்றைக்கே எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள்.

செம்மண் தூசி

ஏ9 பயணி, அட்வைஸ் யாரும் கேட்கவில்லையே. சரி, எழுதிவிட்டீர்கள்.

அக்கா ஒரு கிழமைக்கு முதல் கேட்கவில்லை என்று யார் சொன்னது? வட்ஸ்அப்பில் கேட்டவ, இரண்டாவது மிக்சர் ஏற்பாடு செய்யுங்கோ என்று. கொந்தராத்துக்காரர் கட்டைவிரல் போட்டவர். அந்த மெசேஜை அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் தூக்கிக் காட்டினவ. "அது பார்த்திட்டன் எண்டுதானே பிள்ளை போட்டனான்" என்றார். நீங்கள் சொல்லும் மீட்டிங் குறிப்புக்கும் அவர் கட்டைவிரல்தான் போட்டிருப்பார்.

பாலைப்பழம்

கட்டைவிரல் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஆர் பொறுப்பு என்று தெரியாமல் போகிற கதை என்னிடமும் இருக்கிறது.

வற்றாப்பளைப் பொங்கலுக்கு எங்கள் ஊர் ஆட்கள் தண்ணீர்ப்பந்தல் போடுவார்கள். அதற்கான கூட்டத்தில் நான் கொஞ்சம் கம்பஸ் திமிரோடு, "ஐஸும் தேசிக்காயும் நாங்கள் பார்க்கிறம்" என்றேன். பெரியப்பா கொப்பியில் எழுதப் போனவர் பேனையை நிற்பாட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "நாங்கள் எண்டால் ஆர்?" பெடியள் என்றேன். "பெடியள் எண்டு ஒருத்தன் இந்த ஊரிலை இல்லை. பேரைச் சொல்லு." கூட்டமே சிரித்தது. ஐஸுக்கு ஒரு பெயர், தேசிக்காய்க்கு ஒரு பெயர், கிளாஸ் கழுவுவதற்குக்கூட ஒரு பெயர், ஒரு வேலைக்கு இரண்டு பெயர் சொன்னபோது ஒன்றை வெட்டினார்.

அதை அப்படியே எங்கள் மூன்றாம் வருட டிசைன் புரொஜெக்டில் செய்தேன். ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு பெயர், மேலே திகதி, ஹொஸ்டல் கதவில் ஒட்டினேன். வேலை நடந்தது, உண்மைதான். ஆனால் ரிப்போர்ட்டுக்குப் பக்கத்தில் என் நெருங்கிய கூட்டாளியின் பெயர் இருந்தது, திகதி போனபிறகும் அந்தத் தாள் கதவில் கிடந்தது, போகிற வாற ஆட்கள் எல்லாம் வாசித்தார்கள். அவன் இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. பெரியப்பாவின் கொப்பி கூட்டம் முடிந்ததும் அவருடைய பெட்டிக்குள் போய்விடும். நான் கதவில் ஒட்டினேன். எது அவனுக்குச் சுட்டது, பெயர் போட்டதா கதவா என்று நானும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

குளக்கட்டு

பாலைப்பழம், கதவுதான்.

ஏ9 பயணி, "திகதியைப் போட்டிருந்தால் எக்ஸல் சொல்லியிருக்கும்" என்பது சரி. அந்தத் திகதியைப் போட வேண்டும் என்று யார் சொல்வது? அதற்குத்தான் திண்ணைக்குப் போக வேண்டியிருந்தது.

டெமோ என்ன ஆனது என்று இன்பொக்ஸில் கேட்டார்கள். தலைவன் ரோசக்காரன், அன்றிரவே சார்ட்டைத் தலைகீழாகப் போட்டான், வயலில் பொருத்துவதை செப்டெம்பரில் இருந்து ஜூலைக்கு முன்னே இழுத்து, டிசைன் முடிவதற்காகக் காத்திராமல் பாதி முடிந்த பெட்டியோடு போனோம். செர்க்கிட்டை ஐஸ்கிரீம் பெட்டிக்குள் வைத்து டேப் சுற்றியிருந்தது. கொஞ்ச நாள் நல்ல டேட்டா வந்தது, பிறகு எலி வயரைக் கடித்துவிட்டது.

ஏ9 பயணி

எலியை ரிஸ்க் ரெஜிஸ்டரில் (என்னென்ன பிழைக்கலாம் என்று எழுதி வைக்கிற பட்டியல்) போடவில்லையா?

குளக்கட்டு

ஐயா போட்டிருந்தார். "குழாய்க்குள்ளாலை விடுங்கோ" என்றவர்.

செக்கண்ட் இயர்

எல்லாம் வாசித்தேன் அண்ணாமார், அக்காமார். எங்கள் குழுவில் ஒருவன் வருவதே இல்லை, மெசேஜுக்கும் பதில் இல்லை, டெமோவுக்கு இன்னும் ஒரு மாதம்தான். பெயரை வெட்டிவிடவா?

பாலைப்பழம்

தம்பி, முதலில் நேரில் போய் அவன் நிலைமையைக் கேள், குறூப்பில் கேட்காதே. எங்கள் பச்சில் இப்படி ஒருவன், பார்த்தால் அறுவடை நேரம், தகப்பனுக்கு ஏலாமல் பகல் முழுக்க வயலில் நிற்கிறான், வெட்கத்தில் சொல்லவில்லை. இரவில் செய்யக்கூடிய கணக்கு வேலையை அவனுக்கு மாற்றிக் கொடுத்தோம், ஒழுங்காக வந்தது. சும்மா ஏமாற்றுகிறவன் என்றால் வேறு கதை, அவனுக்கு என்ன வேலை, எப்போது தர வேண்டும் என்று எழுதி அனுப்பிவிட்டு, அது தப்பினால் சூப்பவைசரிடம் போ. ஆனால் இந்தக் கிழமையே போ. டெமோவுக்கு முதல் நாள் போனால் அவர் உன்னைத்தான் ஏசுவார்.