நானா போட்டு அனுப்பிய கேஸ்கள்: அப்பீலில் காத்துக் கிடந்தவர்கள் எழுதுங்கள்

பீரங்கிக் காது:

டிஸ்எபிலிட்டி பென்ஷனுக்கு அலைந்தவர்களுக்கு எல்லாம் தெரிந்த கதைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டாளத்தில் ஆர்ட்டிலரி (பீரங்கிப் படை), 24 வருஷ சர்வீஸ். 2014-இல் வெளியே வரும்போது ரிலீஸ் மெடிக்கல் போர்டு இரண்டு காதுக்கும் சேர்த்து 20 சதவீத ஊனம், ஆயுளுக்கும் என்று போட்டது. படிவத்தில் அடுத்த கட்டத்திலேயே நானா (NANA), அதாவது பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை. காரணம், காது மந்தம் முதலில் பதிவானது அமைதிப் பகுதியிலாம். அந்த அமைதிப் பகுதி தேவ்லாலி, பீரங்கிப் பயிற்சிப் பள்ளி இருக்கும் ஊர். அங்கே ஃபயரிங் ரேஞ்சில் நின்றவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் அப்பீல், இரண்டாவது அப்பீல் இரண்டும் நாலரை வருஷத்தைத் தின்றன. 2019-இல் ட்ரிப்யூனலில் (ஆயுதப்படைத் தீர்ப்பாயம்) போட்டோம். அப்புறம் கொரோனா. அப்புறம் மெம்பர் ரிட்டயர் ஆகிவிட்டார், பெஞ்ச் உட்காரவில்லை. இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

எனக்கு உறுத்துவது ஒரே ஒரு நாள். காலை நாலு மணி பஸ்ஸைப் பிடித்துப் போய், நானும் வீட்டுக்காரியும் ஹாலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறோம். என் கேஸ் 31-ஆவது. பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், எனக்குக் கேட்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டதும் அவள் விலாவில் இடித்தாள். நான் விறைத்து எழுந்து "யெஸ் சார்" என்று கத்தியதில் ஹாலே திரும்பிப் பார்த்தது. காது போனவனுக்குத் தன் குரல் எவ்வளவு சத்தம் என்று தெரியாது. எதிர்த்தரப்பு வக்கீல் பதில் தாக்கல் செய்ய நாலு வாரம் கேட்டார், கொடுத்தார்கள். ஒன்றரை நிமிஷம் ஆகியிருக்கும். நான் போட்ட கேஸே காதுக்காகத்தான். என் பேர் எனக்கே கேட்காததை அங்கே ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை.

சுபேதார் வீட்டம்மா:

அண்ணா, நீங்களாவது போய் நின்றீர்கள். எங்கள் வீட்டில் அதற்கும் கொடுத்து வைக்கவில்லை. அவருக்கு இருதய அடைப்பு, 30 சதவீதம், அதே நானா. முதல் அப்பீல் போட்டு இரண்டு வருஷம் பதில் இல்லை. தினமும் பதினோரு மணிக்குத் திண்ணைக்கு வந்துவிடுவார், தபால் நேரம் என்று.

அவர் போய் எட்டாம் நாள். பந்தல்கூடப் பிரிக்கவில்லை. தபால்காரர் சைக்கிளை வேலியோரம் சாய்த்துவிட்டு உள்ளே வராமல் நின்றார். பதிவுத் தபால், அவர் கையெழுத்து வேண்டும். என்னைப் பார்க்கிறார், மாலை போட்ட படத்தைப் பார்க்கிறார். "திருப்பி அனுப்பணும்மா... சரி, நீங்களே போடுங்க" என்று பேனாவை நீட்டினார். பாத்திரம் கழுவிய ஈரக் கை, கையெழுத்து கலைந்துவிட்டது.

கடிதம் இங்கிலீஷில் இருந்தது. பையன் படித்துச் சொன்னான். அப்பீல் தள்ளுபடி, திருப்தி இல்லை என்றால் ஆறு மாதத்துக்குள் இரண்டாவது அப்பீல் செய்யலாம். அந்தத் திருப்தி என்ற இடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்தி, "அப்பாவுக்கு மனசு ஒப்பலைன்னா" என்று மாற்றிச் சொன்னான். யாரிடமும் யோசனை கேட்க இதை எழுதவில்லை. சொல்ல வேண்டும் போலிருந்தது.

ரூல்புக் நாயக்:

என் கதை இரண்டு வரி. முழங்கால், 2009-இல் டிஸ்சார்ஜ். 2016-இல் ஆர்டர், 2017-இல் பணம். ஆர்டருக்கும் பணத்துக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு வருஷம்தான் மற்ற ஏழு வருஷத்தைவிடக் கசந்தது. அதை விடுங்கள்.

அம்மா, கேட்காவிட்டாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் இல்லை என்பதால் கேஸ் செத்துவிடாது. ட்ரிப்யூனல் சட்டம் வாரிசுகளுக்கும் பொருந்தும். அவருக்குச் சேர வேண்டிய நிலுவையை நீங்கள் கேட்கலாம். வாரிசுச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். மெடிக்கல் போர்டு பேப்பர் முழுவதையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், முதல் பக்கத்தை மட்டும் அனுப்பினால் விடாதீர்கள்.

பீரங்கிக் காது அண்ணன் செய்த தப்பைச் சொன்னால் கோபிக்கக் கூடாது. இரண்டாவது அப்பீலுக்குப் பதில் வரட்டும் என்று எதற்கு உட்கார்ந்திருந்தீர்கள்? 2007 ட்ரிப்யூனல் சட்டத்தின் 21-ஆம் பிரிவைப் பாருங்கள். அப்பீல் கொடுத்து ஆறு மாதம் பதில் இல்லை என்றால் நேராக ட்ரிப்யூனலுக்குப் போகலாம். அந்த ஆறு மாதம் முடிந்த பிறகு ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும், அது 22-ஆம் பிரிவு. தாமதம் ஆக ஆகப் பணமும் போகும். 2008-இல் தர்சேம் சிங் கேஸில் சுப்ரீம் கோர்ட் சொன்னது, லேட்டாக வந்தவருக்கு வழக்குப் போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருஷ நிலுவைதான்.

நானாவுக்கு மருந்து 2013 தரம்வீர் சிங் தீர்ப்பு. பட்டாளத்தில் சேரும்போது எடுத்த மெடிக்கலில் நோய் குறிக்கப்படவில்லை என்றால் நல்ல உடம்போடுதான் சேர்ந்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று காட்டுவது அரசின் பொறுப்பு, நம் பொறுப்பு இல்லை. அதோடு ரவுண்டிங் ஆஃப், அதாவது ஊனச் சதவீதத்தை மேலே ஏற்றிக் கணக்கிடுவது, கேட்டீர்களா? 2014 டிசம்பரில் ராம் அவ்தார் தீர்ப்பு வந்த பிறகு, முழு சர்வீஸ் முடித்து வந்தவருக்கும் 20 சதவீதம் 50 ஆகும். மனுவில் அந்த வரி இல்லாமல் ஜெயித்துவிட்டு, அதற்கென்று தனியாக இன்னொரு கேஸ் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

மைனஸ் நாற்பது:

நாயக் சாப் பாடம் நன்றாக எடுக்கிறார். ஆனால் வரிசை ஏன் நீளுகிறது என்று சொல்ல மாட்டேன் என்கிறாரே. பிபி, சுகர் என்று ஆபீஸில் உட்கார்ந்து வாங்கியதற்கெல்லாம் கேஸ் போட்டால் உண்மையில் அடிபட்டவன் எங்கே நிற்பான்? 2023-இல் டிஸ்எபிலிட்டி பென்ஷன் விதியை மாற்றினார்கள் என்று பலர் குதிக்கிறார்கள், ஏன் மாற்றினார்கள் என்று யோசித்தீர்களா?

நான் சியாச்சினில் வலது கையில் இரண்டு விரல் நுனியை விட்டுவிட்டு வந்தவன். மறு மெடிக்கல் போர்டில் டாக்டர் சட்டைப் பட்டனைப் போட்டுக் காட்டச் சொன்னார். முதல் பட்டனுக்கே ரொம்ப நேரம் ஆனது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். என் பின்னால் முப்பது பேர் இருந்தார்கள், அவருக்கு நேரம் இல்லை, சரிதான். "போதும் போதும்" என்றார். நாலு பட்டன் திறந்தபடியே வெளியே வந்தேன். இப்போதும் நான் டி-ஷர்ட்தான்.

ரூல்புக் நாயக்:

பிபி ஆபீஸில்தான் வரும் என்று யார் சொன்னது? எல்லைக் கோட்டில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு அமைதிப் பகுதிக்கு வந்த மூன்றாம் மாதம் பிபி பிடித்தால் அதுவும் அமைதிப் பகுதிக் கணக்குத்தானா? 2023 செப்டம்பர் விதி அதற்கு அப்புறம் வெளியே வந்தவர்களுக்கு. இங்கே எழுதுகிறவர்கள் பாதிப் பேர் அதற்கு முன்னால் வந்தவர்கள். சும்மா குழப்ப வேண்டாம்.

மூன்றாம் மேசை:

சண்டை வேண்டாம். நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன். கிளார்க் டிரேட், பட்டாளத்தாரின் ஃபைல்களை வைத்திருக்கும் ஒரு ரெக்கார்ட்ஸ் ஆபீஸ், எது என்று சொல்ல மாட்டேன். தள்ளுபடிக் கடிதங்களை டைப் செய்தது எங்கள் செக்‌ஷன். கம்ப்யூட்டரில் கடிதம் தயாராகவே இருக்கும். நம்பர், ரேங்க், பேர், நோய் இந்த நாலை மட்டும் மாற்றுவோம். முடிவு எங்களுடையது இல்லை, டாக்டர்கள் சொன்னது, கமிட்டி சொன்னது. ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது போகும். மைனஸ் நாற்பது சார், உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிபிக்கும், உடைந்த முதுகுக்கும், காதுக்கும் ஒரே வாசகம்தான். வரிசையை நாங்கள் நோய் பார்த்துப் பிரித்ததே இல்லை.

ஒரு நாள் டைப் செய்துகொண்டிருக்கும்போது நம்பரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. என் நம்பருக்கு ஆறு தள்ளி. ரங்ரூட் (புதிதாகச் சேர்ந்த பயிற்சி) காலத்தில் என் பக்கத்துக் கட்டில். பூட்டில் எச்சில் துப்பித் துப்பி முகம் தெரிகிற மாதிரி பாலிஷ் போடக் கற்றுக்கொடுத்தவன். பேரை டைப் செய்தேன், நோயை டைப் செய்தேன், சாப் கையெழுத்துக்கு ஃபோல்டரில் வைத்தேன். ஒரு போன் போட்டு, டேய், இது வருது, உடனே ரெண்டாவது அப்பீல் போடு என்று சொல்லியிருக்கலாம். நம்பர் அவன் ஃபைலிலேயே இருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை டைப் செய்தேன்.

மூன்று வருஷம் கழித்து கேன்டீன் வரிசையில் பார்த்தேன். கட்டிப் பிடித்தான். பேச்சோடு பேச்சாக, "உன் ஆபீஸிலிருந்துதான்டா லெட்டர் வந்துச்சு, நீ பாத்தியா?" என்றான். நான் வேறு செக்‌ஷன் என்று சொல்லிவிட்டேன்.

பீரங்கிக் காது:

நாயக் தம்பி, 21-ஆம் பிரிவை என் வக்கீல் 2019-இல் சொன்னார். 2014-இல் என் ஊரில் சொல்ல ஆள் இல்லை. ரவுண்டிங் ஆஃப் மனுவில் இருக்கிறது, வீட்டுக்காரியை விட்டு இரண்டு தடவை படிக்கச் சொல்லிவிட்டேன். சுபேதார் வீட்டம்மா, ஆறு மாதக் கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்று பையனைப் பார்க்கச் சொல்லுங்கள் தாயே.

அடுத்த வாய்தா பொங்கல் முடிந்து. இந்தத் தடவை முதல் வரிசையில் உட்காரப் பார்க்கிறோம்.

மூன்றாம் மேசை சார், உங்கள் பக்கத்துக் கட்டில்காரர் ரெண்டாவது அப்பீல் போட்டாரா?