குழு: பெத்தா (பாட்டி) வீட்டுப் பிள்ளைகள்

ஞாயிறு

பெரியம்மா, காலை 6.40
எல்லோருக்கும் வணக்கம். செவ்வாய்க்கிழமை பிரதேச செயலகத்தில் காணி நடமாடும் சேவை இருக்கிறது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனால் அன்றைக்கே அவருக்குப் பிறகு காணி போகவேண்டிய பின்னுரித்தாளர் பெயரைப் பதியலாம் என்று கிராம சேவகர் சொல்லிவிட்டுப் போனார். தாந்தாமலைக் கஜு (முந்திரி) தோட்டத்துக்கு யார் பெயர் போடுவது? நாளைக்குள் சொல்லுங்கள்.

அம்மா, 6.44
🙏

ரூபன் (கொழும்பு), 7.02
யானை தோட்டத்துக்குள் வந்த பிறகு மரம் மிச்சம் இருக்கிறதா?

சின்னம்மா, 7.03
இருக்கிறது மனே. மேல் பக்கம் முழுதும் நிற்கிறது.

பெரிய மாமா, 7.15
இதில் கேட்க என்ன இருக்கு. அப்பாவுக்கு மூத்த ஆண்பிள்ளை நான்.

பெரியம்மா, 7.16
தம்பி, விடியவே தொடங்காதே.

ரூபன் (கொழும்பு), 7.20
மலையடியில் விடுதி கட்டக் காணி தேடி ஓர் ஆள் வந்தாரே, அவருக்கே கொடுத்துவிடலாம். காசை ஐந்து பங்காகப் பிரித்தால் ஒருவருக்கும் மனக்குறை வராது.

நிரோ, 7.31
அண்ணா, அது பெர்மிட் காணி, அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் தந்தது. விற்க முடியாது. நினைத்தபடி துண்டு போடவும் முடியாது.

ரூபன் (கொழும்பு), 7.32
ஒருவரும் விற்பதில்லையா?

நிரோ, 7.33
விற்கிறார்கள். பிறகு வாங்கியவரும் விற்றவரும் சேர்ந்து அலைகிறார்கள். எங்கள் காணிக் கிளைக்கு வாரம் ஒன்றாவது வரும்.

நிரோ, 7.36
இன்னொன்று. பெத்தப்பா பெயர் போடாமல் கண்ணை மூடினால் சட்டம்தான் ஆளைத் தெரிவு செய்யும். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் முன்பு ஆண்பிள்ளைக்குத்தான் முதலிடம். 2022இல் திருத்திவிட்டார்கள். இப்போது ஆணோ பெண்ணோ, மூத்த பிள்ளைதான். பெத்தாவும் இல்லாதபடியால் அது பெரியம்மாவுக்குப் போகும்.

பெரிய மாமா, 7.38
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியம்மா, 7.41
எனக்கு வேண்டாம்கா. எனக்குக் கல்லாற்று வீடும் வளவும் தந்தாயிற்று. இந்த முழங்காலோடு நான் மலை ஏறவா?

அம்மா, 7.45
அப்பா சாப்பிட்டாரா?

பெரியம்மா, 7.46
இடியப்பம் ரெண்டு. சொதி விட்டுக் குழைத்துக் கொடுத்தேன்.

சுவிஸ் மாமா, 10.48
இப்போதுதான் போனைப் பார்த்தேன். இங்கே திராட்சை வெட்டு நடக்கிறது, ஞாயிறும் வேலை. காலைச் சாப்பாட்டுக்கு விட்டிருக்கிறார்கள், அதற்குள் எழுதுகிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

நான் வேலை செய்யும் தோட்டம் லாவோவில், ஜெனீவா ஏரிக்கு மேலே செங்குத்தான மலைச்சரிவில் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் துறவிகள் கல் அடுக்கிப் படிபடியாகக் கட்டிய இடம் அது. 2007இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை ஆக்கியது. மெஷின் ஏறாது. குலையைக் கையால்தான் வெட்டுவோம், கூடைகளை ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் சின்ன வண்டியில் இறக்குவோம். என் முதலாளி நாலாம் தலைமுறை. இந்த வெட்டு முடிந்ததும் தோட்டத்தையும் வைன் நிலவறையையும் மகளுக்கு எழுதுகிறார். மகன்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், நல்ல வேலையில் இருக்கிறார்கள். ஆனால் கத்தரிக்கோல் பிடித்தவள் மகள்தான்.

ரூபன் (கொழும்பு), 10.50
மகன்கள் ஒன்றும் சொல்லவில்லையா மாமா

சுவிஸ் மாமா, 10.58
சொல்லாமல் இருப்பார்களா. அதற்குத்தான் சட்டம் இருக்கிறது. 1991இல் போட்ட சட்டம், 1994இலிருந்து நடைமுறையில் உள்ளது. விவசாயக் காணி உள்ள குடும்பத்தில் எந்தப் பிள்ளை தானே இறங்கிப் பயிர் செய்கிறதோ, அந்தப் பிள்ளை முழுத் தோட்டத்தையும் கேட்டு எடுக்கலாம். விலையும் சந்தை விலை இல்லை. அந்த நிலம் விளைச்சலில் எவ்வளவு தருமோ அதை வைத்துத்தான் கணக்கு. ஏரிக்கரையில் சந்தை விலை போட்டால் எந்த விவசாயப் பிள்ளையாலும் மற்றவர்களின் பங்கைக் கட்டித் தோட்டத்தை மீட்க முடியாது.

மற்றப் பிள்ளைகளையும் விட்டுவிடவில்லை. எடுத்தவர் 25 வருடத்துக்குள் லாபத்துக்கு விற்றால், அந்த லாபத்தில் கூடப்பிறந்தவர்களுக்குப் பங்கு உண்டு. நான் சொல்ல வந்தது இதுதான். மண்ணில் கை வைத்தவருக்கு மண். விற்றுக் காசாக்கினால் எல்லோருக்கும் காசு.

அம்மா, 11.03
தம்பி நீ சாப்பிட்டாயா

சுவிஸ் மாமா, 11.04
பாணும் சீஸும் அக்கா.

பெரிய மாமா, 11.10
சுவிஸ் சட்டத்தைக் கொண்டுவந்து மட்டக்களப்புப் படுவான்கரையில் போடாதே.

சுவிஸ் மாமா, 11.15
அண்ணன், எங்கட ஆட்கள் அதற்கு முன்பே இதைச் செய்தவர்கள்தானே. வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு என்று ஏன் வைத்தார்கள்? ஆண்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போய்விடுவான், நிலத்தில் நிற்பவள் மகள். முக்குவர் சட்டம் என்று எங்கட மட்டக்களப்பு வழமைக்கு எழுத்தும் இருந்தது.

பெரிய மாமா, 11.17
அப்படியென்றால் எனக்கு என்ன? ஒன்றும் இல்லை. அந்தத் தோட்டத்துக் கிணற்றை வெட்டினது யார்? அப்பாவும் நானும். கல் உடைத்துக் கை வெடித்துப்போய் இருந்தது. அதை ஒருவரும் எழுதமாட்டீர்கள்.

பெரியம்மா, 11.20
கிணறு உண்மை. பள்ளிக்கூடத்தையும் அதற்காக விட்டவன்.

கஜன் (கம்பஸ்), 11.42
நான் இதுவரை மேலே உள்ளதை வாசிக்கவில்லை. ஆனால் மாமாவிடம் ஒன்று கேட்க வேண்டும். கஜுப் பழம் எல்லாம் கொட்டையைத் திருகிவிட்டு மரத்தடியில் எறிகிறோம். கோவாவில் அதே பழத்தில் ஃபெனி என்ற சாராயம் வடிக்கிறார்கள், 2009இல் புவிசார் குறியீடும் வாங்கினார்கள். நாங்கள் வைன் போடலாமா?

பெரியம்மா, 11.43
முருகா. கோயில் மலையடியில் சாராயமா.

கஜன் (கம்பஸ்), 11.43
வைன் பெரியம்மா

பெரியம்மா, 11.44
எல்லாம் ஒன்றுதான்.

சுவிஸ் மாமா, மாலை 4.05
கஜன், நல்ல கேள்வி. இங்கே நடப்பதைச் சொல்கிறேன். எங்கள் திராட்சை ஷாசலா என்ற வெள்ளை வகை. வெட்டின அன்றைக்கே பிழிந்துவிடுவோம், தோல் ஊறவிடுவதில்லை. சாறு தொட்டியில் நொதிக்கும். சூடு ஏறவிடக்கூடாது, ஏறினால் வாசம் போய்விடும். முதலாளியின் மகள் இரவில் எழுந்து வந்து வெப்பமானியைப் பார்ப்பாள். சீனி எல்லாம் முடிந்த பிறகு புளிப்பை மெதுவாக்க இரண்டாம் நொதிப்பு ஒன்று நடக்கும். குளிர்காலம் முழுதும் அடிமண்டியோடு கிடக்கும், வசந்தத்தில் போத்தலில் அடைப்பார்கள். நிலவறையில் அப்பாவும் மகளும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் நிற்பார்கள், அதுதான் பள்ளிக்கூடம். அவளுக்கு எந்தச் சுவரடித் திராட்சை எப்படி வரும் என்று தெரியும்.

கஜுப் பழத்தில் கஷ்டம், அது ஒரு நாள்கூடத் தாங்காது, துவர்ப்பும் தொண்டையைப் பிடிக்கும்.

கஜன் (கம்பஸ்), 4.09
துவர்ப்புக்குச் சவ்வரிசிக் கஞ்சி விட்டால் அடியில் படியும் மாமா. தெளிந்த சாறை எடுக்கலாம்.

நிரோ, 4.11
மதுவரித் திணைக்கள அனுமதி இல்லாமல் ஒரு போத்தல் போட்டாலும் வழக்கு. தம்பி, நீ சாறோடும் ஜாமோடும் நில்.

கஜன் (கம்பஸ்), 4.12
சரி அக்கா. சாறு.

பெரியம்மா, 4.15
மகளின் சாமத்திய வீட்டு அல்பம் வந்துவிட்டது. [படம்] [படம்] [படம்]

அம்மா, 4.16
என்ன வடிவு கிளி ❤️

ரூபன் (கொழும்பு), 4.20
பெத்தாவின் அட்டியல் அல்லவா கழுத்தில்?

அம்மா, 4.31
ஓம். பெத்தா எனக்குத்தான் சொன்னது அது. பரவாயில்லை, பிள்ளை போட்டது சந்தோசம்.

பெரியம்மா, 4.33
போட்டோவுக்குத்தான் போட்டோம். திருப்பித் தருவேன்.

சுவிஸ் மாமா, 4.40
தோட்டக் கதைக்கு வாருங்கள்.

லாவோவில் கிழவர்கள் மூன்று சூரியன் என்பார்கள். ஒன்று வானத்தில், ஒன்று ஏரியில் பட்டுத் திரும்புவது, மூன்றாவது பகல் முழுதும் வெயில் குடித்த கல்மதில் இரவில் விடும் சூடு. அதைக் கேட்ட அன்றைக்கே எனக்கு எங்கள் மலைதான் நினைவுக்கு வந்தது. இரவு காவலுக்குப் போனால் பாறையில் முதுகைச் சாய்த்துக் கிடப்போமே அண்ணன், விடியும்வரை சூடு இருக்கும்.

அந்த மலைச்சரிவும் தப்பியது சும்மா இல்லை. வீடு கட்டக் காணி கேட்டு அங்கேயும் ஆட்கள் வந்தார்கள். 1977இல் அந்த மாநில மக்கள் வாக்களித்து, அங்கே கண்டபடி கட்டக்கூடாது என்று அரசியலமைப்பிலேயே போட்டார்கள். இல்லையென்றால் இன்றைக்கு மலை முழுதும் பங்களாதான். ரூபன், நான் உன்னைக் குறை சொல்லவில்லை. ஒருமுறை சீமெந்து போட்டால் பிறகு அந்த இடத்தில் மரம் வராது, அவ்வளவுதான்.

ரூபன் (கொழும்பு), 4.52
விளங்குது மாமா. நான் சண்டை வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

பெரிய மாமா, 5.10
பாறைச் சூடு. ஓம்.

சின்னம்மா, 7.48
எல்லோரும் எழுதி முடிந்ததா? நான் இப்போதுதான் தோட்டத்தில் இருந்து இறங்கினேன், மேலே சிக்னல் இல்லை.

நான் யாரிடமும் பங்கு கேட்கவில்லை. எனக்குச் சீதன வீடு கட்டுவோம் என்று அத்திவாரம் போட்டதோடு 90இல் யுத்தத்தால் எல்லாம் நின்றுபோனது, அதைப் பற்றியும் நான் பேசவில்லை. சண்டை முடிந்து திரும்பப் போனபோது தோட்டத்தில் பற்றைதான். கிழமரங்கள் பாதி பட்டுப்போய் நின்றன. ஒட்டுக்கன்று வாங்கி நட்டேன். அண்ணன் வெட்டின கிணற்றில் தண்ணீர் இருந்தபடியால்தான் அந்தக் கன்று பிழைத்தது, அதை எங்கே வேண்டுமென்றாலும் சொல்வேன். மூன்றாம் வருடம்தான் முதல் கொட்டை கண்டேன். பூக்கிற மாதத்தில் மழை பெய்தால் அந்த வருடம் அவ்வளவுதான். கொட்டை உடைத்தால் ஓட்டில் உள்ள எண்ணெய் பட்டுக் கை உரியும். யானை வெடியோடு பரணில் படுக்கிறேன். இவர் போன பிறகும் படுக்கிறேன்.

பெயர் யாருக்கு என்றாலும் போடுங்கள். ஆனால் நான் நட்ட மரத்தை வெட்டச் சொல்லி நாளைக்கு ஒருவரும் வரக்கூடாது. அது மட்டும் எனக்கு எழுத்தில் வேண்டும்.

அம்மா, 7.50
தங்கச்சி 🙏

கஜன் (கம்பஸ்), 7.51
சின்னம்மா நான் லீவில் வந்து நிற்கிறேன்

சின்னம்மா, 7.52
போனமுறையும் சொன்னாய் மனே. வா, கவ்வாத்துப் பண்ணக் கிளை நிறைய இருக்கிறது.

சுவிஸ் மாமா, 8.05
என் பங்கு தங்கச்சிக்கு. இதை முதல் ஆளாக எழுதுகிறேன். நான் வாங்கி அனுப்பின தண்ணீர் மோட்டரும் அவளுக்கே.

பெரியம்மா, 8.07
நானும் அதுதான்.

அம்மா, 8.07
நானும்.

நிரோ, 8.15
பங்கு என்று எழுதாதீர்கள், பெர்மிட் காணியில் அப்படி ஒன்று இல்லை. பெத்தப்பா தன் வாயால் சொல்ல வேண்டும், அதுதான் செல்லும். மாமா சொன்ன அந்த 25 வருட ஒழுங்கை இங்கே சட்டமாகப் பதிய முடியாது. பின்னாளில் பெர்மிட்டுக்குப் பதிலாக அரசாங்கத்தின் அளிப்புப் பத்திரம் கிடைத்தால் பிரதேச செயலாளரின் சம்மதத்தோடு விற்கலாம், அப்போதுதான் அந்தக் கேள்வியே வரும். அதற்கு நாங்கள் ஒரு குடும்பக் கடிதம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடலாம். நீதிமன்றத்தில் எவ்வளவு நிற்கும் என்பது வேறு, எங்களுக்குள் ஒரு சொல்லாக இருக்கும்.

சுவிஸ் மாமா, 8.18
அது போதும். நான் எழுதித் தருகிறேன்.

பெரியம்மா, 8.19
சுருக்கமாக எழுது தம்பி.

சுவிஸ் மாமா, 8.20
கிணறு அண்ணன் வெட்டினது என்பதை முதல் வரியில் போடுகிறேன். ஒவ்வொரு வருடமும் முதல் மூடை கஜு அண்ணன் வீட்டுக்கு. தங்கச்சி, சரியா?

சின்னம்மா, 8.21
இப்போதும் கொடுக்கிறேனே.

பெரியம்மா, 8.40
பெரிய தம்பி, வாசித்தாயா? நீல அடையாளம் விழுந்திருக்கிறது.

அம்மா, 9.02
அண்ணி சொல்கிறா, சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் இருக்கிறாராம்.

பெரிய மாமா, 9.26
அப்பாவை வானில் கொண்டுபோவது யார்? சுற்றிப் பட்டிருப்புப் பாலத்தால் போனால் குலுக்கும். அம்பிளாந்துறைப் பாதையில் (ஆறு கடக்கும் படகில்) போவோம், கிழவனுக்கு ஆற்றைப் பார்க்கவும் விருப்பம்.

பெரியம்மா, 9.27
அப்ப உனக்குச் சம்மதமா?

பெரிய மாமா, 9.31
அப்பா சொல்லட்டும். முதலில் பெர்மிட் எங்கே என்று தேடுங்கள்.

பெரியம்மா, 9.32
என்னிடம் இல்லை. தகரப் பெட்டியில் இருந்தது.

அம்மா, 9.33
பெட்டி என்னிடம் இருக்கிறது. திறப்பு அக்காவிடம்தானே?

பெரியம்மா, 9.34
திறப்பை நான் அன்றைக்கே உன்னிடம் தந்தேன்கா.

நிரோ, 9.40
பெட்டியை உடைத்தாவது நாளை மாலைக்குள் எடுத்துவிடுங்கள். பெத்தப்பாவின் அடையாள அட்டையும் வேண்டும், சின்னம்மாவின் பிறப்புச் சான்றிதழும் வேண்டும். ரெண்டு ரெண்டு பிரதி.

சின்னம்மா, 9.44
என் சான்றிதழ் வெள்ளத்தில் போனது. புதிதாக எடுக்க நாளைக்கு ஓடுகிறேன். தோட்டத்தில் நாளைக்கு இரவு யார் நிற்பது?

கஜன் (கம்பஸ்), 9.45
நான்

பெரிய மாமா, 9.46
அவனுக்கு வெடி கொளுத்தத் தெரியாது. நான் போகிறேன்.