பழைய பென்டியம் 4-ல் எமுலேட்டர் ஓட்ட முடியுமா?

பள்ளத்தூர் பையன்:
காரைக்குடியில் ஐயா வீட்டு இரண்டாம் கட்டில் ஒரு டெஸ்க்டாப் சும்மா கிடக்கிறது. பென்டியம் 4, 2.4 கிகாஹெர்ட்ஸ், 512 எம்பி ராம், விண்டோஸ் எக்ஸ்பி. லீவுக்கு வரும் பொடிசுகள் ஆளுக்கொரு போனோடு வளவுத் தூண்களில் சாய்ந்துவிடுகிறார்கள், அதனால் நாங்கள் டிவி கேமில் ஆடிய கான்ட்ரா, மரியோ, முடிந்தால் பிளேஸ்டேஷன் 1 வரைக்கும் எமுலேட்டர் (பழைய கேம் பெட்டி போலவே நடந்துகொள்ளும் சாஃப்ட்வேர்) போட்டு இதில் ஓட்டிக் காட்டலாம் என்று ஆசை. சூப்பர் நின்டெண்டோ கேம் பெட்டிக்கான பிஸ்னெஸ் எமுலேட்டரில் பழைய வெர்ஷன் போட்டுப் பார்த்தேன், நகரவே இல்லை. பிளேஸ்டேஷன் 1-க்கான டக்ஸ்டேஷன் திறக்கவே மாட்டேன் என்கிறது. ராம் கூட்டினால் சரியாகுமா, இல்லை எடைக்குப் போட்டுவிடலாமா?

கானாடுகாத்தான் அண்ணன்:
எடைக்கெல்லாம் போடாதீர்கள் தம்பி, ராமுக்கும் காசு செலவழிக்க வேண்டாம். சூப்பர் நின்டெண்டோவின் ப்ராசஸர் வேகம் அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸ்தான். ஆனால் பிஸ்னெஸ் அந்தப் பெட்டிக்குள் ஒவ்வொரு சிப்பும் எந்தக் கணத்தில் என்ன செய்ததோ அதை அப்படியே செய்து காட்டப் பார்க்கும், அதற்கு உங்கள் மெஷினில் தெம்பு கிடையாது. 1997-ல் வந்த இன்னொரு எமுலேட்டரான இசட்ஸ்னெஸ், ப்ராசஸரின் மொழிக்கு நெருக்கமான அசெம்பிளியில் எழுதியது, குறுக்கு வழியில் போகும், அந்தக் காலத்து மெஷின்களிலேயே ஓடியது. ஆனாலும் அதை நான் சொல்ல மாட்டேன். வேண்டுமென்றே கெடுத்து வைத்த ரோம் ஃபைலை (கேமின் நகல்) திறந்தால் அது கம்ப்யூட்டருக்குள்ளேயே புகுந்துவிடும் அளவுக்கு அதில் ஓட்டை இருப்பதை 2015-ல் கண்டுபிடித்தார்கள். சூப்பர் நின்டெண்டோவுக்கு ஸ்னெஸ்9எக்ஸ் எமுலேட்டரின் பழைய வெர்ஷன் போதும். டக்ஸ்டேஷனுக்கு 64 பிட் வேண்டும், உங்களுடையது 32 பிட், அதோடு மல்லுக்கட்டாமல் பிளேஸ்டேஷன் 1-க்கு இபிஎஸ்எக்ஸ்இ எமுலேட்டர் பழையது போடுங்கள். எக்ஸ்பிக்கு 2014-லேயே அப்டேட் நின்றுவிட்டது, நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு பென்டிரைவில் ஏற்றுங்கள்.

தேவகோட்டை டெக்னீஷியன்:
சாஃப்ட்வேரை மாற்றும் முன் கேபினைத் திறந்து பாருங்கள். நம்ம ஊர்ப் புழுதி ப்ராசஸர் சூட்டை இறக்கும் ஹீட்சிங்கில் அப்பியிருக்கும், இரண்டுக்கும் நடுவில் தடவிய பேஸ்ட் காய்ந்திருக்கும். பென்டியம் 4 சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், கேம் திக்கித் திக்கி ஓடும், ஆட்கள் எமுலேட்டரைத் திட்டுவார்கள். மதர்போர்டில் கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தால் மட்டும் அதை மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

மேமி பிரியன்:
ஆர்கேட் கேம் (கடையில் காசு போட்டு ஆடுவது) ஆசை வந்தால் அதற்கான மேமி எமுலேட்டரைப் பழைய வெர்ஷனாகத் தேடுங்கள், புதிது கனம். எந்த வெர்ஷனோ அதற்கென்று உள்ள ரோம் செட்தான் வேண்டும், மாறினால் பல கேம் திறக்காது. கான்ட்ரா, மரியோ ஓட்டும் எஃப்சிஇயூஎக்ஸ் எமுலேட்டரில் கான்ட்ரா ஏனோ வேகமாக ஓடுகிறதே என்று தோன்றினால் பயப்படாதீர்கள். அமெரிக்க, ஜப்பான் பெட்டிகள் நொடிக்கு 60 ஃப்ரேம், நம் ஊர் பால் (PAL) முறை டிவிக்கு வந்த நகல் பெட்டிகள் 50. ரீஜியனில் டெண்டி என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் சின்ன வயதில் ஆடிய அதே வேகம் வந்துவிடும். ரோம் லிங்க் மட்டும் இங்கே கேட்காதீர்கள், அட்மின் த்ரெட்டைப் பூட்டிவிடுவார்.

பள்ளத்தூர் பையன்:
தூசி தட்டி பேஸ்ட் போட்டு, ஸ்னெஸ்9எக்ஸும் மாற்றியாச்சு, நன்றாக ஓடுகிறது. ஆனால் படத்தை வழவழப்பாக்க ஹெச்க்யூ4எக்ஸ் ஃபில்டர் போட்டால் மறுபடி இழுக்கிறது, சத்தமும் கரகரக்கிறது.

கானாடுகாத்தான் அண்ணன்:
ஃபில்டரை எடுத்துவிடுங்கள், ஒவ்வொரு ஃப்ரேமிலும் எல்லாப் புள்ளியையும் கணக்குப் போடுவது ப்ராசஸர்தான். பிறகும் கரகரத்தால் சவுண்ட் பஃபரை (சத்தத்தை முன்கூட்டிச் சேர்த்து வைக்கும் அளவு) கொஞ்சம் கூட்டுங்கள், குதித்த பிறகு சத்தம் ஒரு இமை தாமதமாக வரும், பிள்ளைகள் கவனிக்க மாட்டார்கள்.