மறுமொழி: ‘உங்குரியானு’ – ஊர்ப்பெயரா, பூர்வீகப்பெயரா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

> ருமேனியக் குடும்பப்பெயரான ‘உங்குரியானு’ எப்படித் தோன்றியது, இன்று எந்தெந்த நாடுகளில் காணப்படுகிறது என்ற கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘டோப்போனிமிக் சர்நேம்’ என்பதற்கு ‘இடப்பெயர்சார் குடும்பப்பெயர்’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

தவறில்லை. ஆனால் ஒரு கட்டுரையில் இருபது முறை வரப்போகும் சொல் இவ்வளவு நீளமாக இருந்தால் மூன்றாம் பத்தியிலேயே வாசகர் களைத்துவிடுவார். நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு வகைப் பெயர்களை இந்தச் சொல் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது என்பதுதான் என் குறை. அதற்கு உங்குரியானுவைவிட நல்ல சான்று கிடைக்காது.

‘உங்குர்’ என்றால் ஹங்கேரியர். அதோடு சேரும் ‘-இயான்’ ஸ்லாவிய மொழிகளிலிருந்து ருமேனியத்துக்கு வந்த விகுதி. நம் ‘-காரர்’ செய்யும் வேலையைச் செய்வது. கடைசியில் நிற்கும் ‘உ’, சொல்லின் இறுதியில் ஒட்டிக்கொள்ளும் ருமேனியச் சுட்டிடைச்சொல்லின் எச்சம். ஆக, சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘ஹங்கேரிக்காரர்’. இந்தப் பெயர் கொண்டவரை வெளிநாடுகளில் பார்ப்பவர்கள் ஹங்கேரிய வம்சம் என்று நினைத்துவிடுவது இதனால்தான். பெரும்பாலும் அப்படி இல்லை. ஹங்கேரியரையே குறிக்க ‘உங்குரு’ என்ற தனிக் குடும்பப்பெயர் இருக்கிறது. உங்குரியானு என்பவர் ஹங்கேரியரின் ஆட்சியிலிருந்த நிலத்திலிருந்து வந்த ருமேனியர். அந்த நிலம்தான் திரான்சில்வேனியா. 1918 வரை அது ருமேனியாவோடு சேரவில்லை. கார்ப்பாத்திய மலைகளுக்குத் தெற்கே வலாக்கியாவிலும் கிழக்கே மொல்டாவியாவிலும் இருந்தவர்கள் அதை ‘ஹங்கேரிய நாடு’ என்றே சொன்னார்கள். அங்கிருந்து மலை இறங்கி வந்தவர், தங்களைப் போலவே ருமேனிய மொழி பேசினாலும், அவர்களுக்கு உங்குரியான்தான்.

மலை இறங்கி வந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர்கள் ஆட்டிடையர்கள். சிபியூ நகரை அடுத்த மலையடிவார ஊர்களிலிருந்தும், பிராஷோவுக்கு அருகிலுள்ள சச்சேலேயிலிருந்தும் குளிர்காலத்துக்கு மந்தைகளை ஓட்டிக்கொண்டு டான்யூப் சமவெளிவரை போய்வந்தார்கள். போனவர்களில் சிலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் காரணங்கள் கூடின. அப்போது திரான்சில்வேனியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசு ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்களை ரோமுடன் இணைந்த திருச்சபைக்குள் தள்ளப் பார்த்தது. 1761இல் தளபதி புக்கோவின் படை திரான்சில்வேனியாவிலிருந்த ஆர்த்தடாக்ஸ் மடங்களை இடித்துத் தள்ளியது. அடுத்த ஆண்டுகளில் எல்லைக்காவல் படைப்பிரிவுகளுக்கு ஆள் சேர்ப்பும் தொடங்கியது. வரியும் சேர்ந்துகொள்ள, மலையைத் தாண்டிவிடுவதே மேல் என்று பலர் முடிவெடுத்தார்கள்.

பிராஷோவிலிருந்து சச்சேலே வழியாகப் பிராத்தோச்சா கணவாயைக் கடந்து தெற்கே இறங்கினால் தெலியாஜென் ஆற்றின் பள்ளத்தாக்கு வரும். அங்கே, பிரஹோவா மாவட்டத்தில், மனேச்சு என்ற ஊராட்சி. அதற்குள் இரண்டு ஊர்கள்: மனேச்சு-பமன்தேனி, மனேச்சு-உங்குரேனி. ‘பமன்த்’ என்றால் மண். முன்னது மண்ணின் மைந்தர்களின் மனேச்சு, பின்னது ஹங்கேரிய நாட்டிலிருந்து வந்தவர்களின் மனேச்சு. இரண்டிலும் ஒரே மொழி, ஒரே மதம். ஆனாலும் யார் உள்ளூர், யார் வெளியூர் என்ற கணக்கு இன்றைக்கும் நிலப்படத்தில் அச்சாகிறது. உங்குரேனி என்று பெயர் கொண்ட ஊர்கள் ருமேனியாவில் வேறு பல மாவட்டங்களிலும் உண்டு. அந்த ஊர்களிலிருந்து கிளம்பிப் போனவருக்கும் உங்குரியானு என்றே பெயர் அமையும். அப்படியானால் சில குடும்பங்களுக்கு இந்தப் பெயர் நேராகத் திரான்சில்வேனியாவைச் சுட்டுகிறது, சில குடும்பங்களுக்கு நடுவில் ஓர் உங்குரேனியைத் தொட்டுக்கொண்டு சுட்டுகிறது. பெயரை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க வழியில்லை.

இப்போது கலைச்சொல்லுக்கு வருகிறேன். திரான்சில்வேனியாவுக்கு உள்ளே ஒருவரை உங்குரியான் என்று அழைத்தால் யாரையும் பிரித்துக் காட்டாது. அங்கே எல்லோரும் அந்த நிலத்தவர்தான். ஆகவே அந்தப் பெயர் அது சுட்டும் நிலத்தில் முளைக்காமல், போய்ச் சேர்ந்த நிலத்தில் முளைத்தது. ‘மொல்டொவான்’ என்ற குடும்பப்பெயரைப் பாருங்கள், கண்ணாடியில் பார்த்ததுபோல் இருக்கும். மொல்டாவியாவிலிருந்து வந்தவர் என்பது அதன் பொருள். அது மிகுதியாக இருப்பதோ திரான்சில்வேனியாவில். விகுதியே காட்டிக்கொடுக்கும். மலைக்கு உள்பக்கம், அதாவது திரான்சில்வேனியாவில், இறுதி ‘உ’ இல்லாத மொல்டொவான், அர்தெலியான், முன்தியான் போன்ற வடிவங்கள் வழக்கம். வெளிப்பக்கம் ‘உ’ சேர்ந்த மொல்டொவியானு, அர்தெலியானு, முன்தியானு. விதிவிலக்குகள் உண்டு என்றாலும், ஒரு பெயர் மலையின் எந்தப் பக்கத்துப் பதிவேட்டில் உறைந்தது என்று ஊகிக்க அந்த ஓர் எழுத்து பெரிதும் உதவும்.

சரி, பிரன்கொவியானு? 1688 முதல் 1714 வரை வலாக்கியாவை ஆண்ட கான்ஸ்டன்டின் பிரன்கொவியானுவின் குடும்பம் பிரன்கொவேனி என்ற ஊரின் உடைமையாளர்கள். அதே விகுதி, அதே இலக்கண அமைப்பு. ஆனால் அவர் அந்த ஊரை விட்டு வந்ததால் அந்தப் பெயரைப் பெறவில்லை. அந்த ஊரைத் தன் கையில் வைத்திருந்ததால் பெற்றார். கொலெஷ்தியின் கொலெஸ்கு குடும்பமும் அப்படியே, விகுதிதான் வேறு. ஒருவருக்கு நிலம் பட்டயமாகப் பெயரில் நிற்கிறது. இன்னொருவருக்கு இழந்த நிலம் அடையாளச் சீட்டாகப் பெயரில் நிற்கிறது, அதுவும் அடுத்தவர் ஒட்டிவிட்ட சீட்டு. ‘இடப்பெயர்சார் குடும்பப்பெயர்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால், கட்டுரையின் உயிரான செய்தி போய்விடும்.

> ஊர்ப்பெயர் என்று சுருக்கமாக வைத்துக்கொள்ளலாமே? உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்று நம்மிடமே மரபு இருக்கிறதே.

பொதுவகைக்கு ‘ஊர்ப்பெயர்’ போதும், ஐயா. தலைச்சொல்லாக அதையே வைத்துவிடலாம். ‘ஊரின் பெயரா, ஊரால் வந்த பெயரா’ என்ற குழப்பம் வரும் இடங்களில் மட்டும் ‘ஊர்வழிப் பெயர்’ என்று விரித்துக்கொள்ளலாம். எனக்கு வேண்டியது அதற்குக் கீழே இரண்டு கிளைச்சொற்கள்.

முதல் கிளைக்கு, அதாவது பிரன்கொவியானு வகைக்கு, ‘காணிப்பெயர்’ என்று முன்மொழிகிறேன். காணியாட்சி என்று கல்வெட்டுகளில் வரும் நிலவுரிமைச் சொல் கையில் இருக்கும்போது ‘எஸ்டேட்’டைத் தமிழாக்கிக்கொண்டிருக்க வேண்டாம். ஈழத்து நண்பர்களுக்குக் காணி இன்றும் அன்றாடச் சொல்.

இரண்டாம் கிளையில்தான் இந்த இழையில் இத்தனை மடல்கள். வந்த முன்மொழிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

> வந்தவிடப்பெயர்

‘வந்த இடத்தில் வம்பு எதற்கு’ என்று சொல்லும்போது நாம் குறிப்பது போய்ச் சேர்ந்த இடத்தை. இங்கே வேண்டியதோ கிளம்பிய இடம். பொருள் தலைகீழாகிவிடும்.

> பிறந்தகப்பெயர்

இதை எழுதிய அம்மையாரின் காதுக்கு வணக்கம். புகுந்த வீட்டிலிருந்து பார்த்தால்தான் பிறந்தகம் என்ற சொல்லுக்கே பொருள் வரும். உங்குரியானுவும் அப்படித்தான், மலையிறங்கியபின் கிடைத்த பெயர். ஆனால் ஒரு முட்டுக்கட்டை: திருமணத்துக்கு முன் பெண்ணுக்கு இருந்த குடும்பப்பெயரைப் ‘பிறந்தகப்பெயர்’ என்று எழுதுவது பொருத்தமாக இருக்கிறது, நம் சொற்பட்டியலிலும் அந்த இடம் இன்னும் காலி. குடும்பப்பெயர் பற்றிய கட்டுரையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரும், மோதிக்கொள்ளும். இந்த நல்ல சொல்லை அதற்கே ஒதுக்கி வைப்போம்.

> வந்தேறிப்பெயர்

வேண்டாம். வசவைக் கலைச்சொல்லாக்கினால் அது வசவாகவேதான் இருக்கும். ருமேனியரும் இதற்கு விலக்கில்லை என்பது வேறு விஷயம்: கோர்ஜ் மாவட்டத்து நொவாச் நகரம் முன்பு இரண்டு பகுதிகளாக இருந்தது, ‘ருமேனியர் நொவாச்’, ‘அந்நியர் நொவாச்’ என்று. அந்த அந்நியர்களும் சிபியூ பக்கத்திலிருந்து வந்த ருமேனிய இடையர்கள்தான்!

> முன்னூர்ப்பெயர்

அழகாக இருக்கிறது, தூய தமிழ் வேண்டுவோருக்கு மனம் குளிரும். ஆனால் உரக்கப் படித்துப் பாருங்கள், ‘முன்னூறு பெயர்’ என்று காதில் விழும். வானொலிக்கும் ஒலிநூலுக்கும் ஆகாது.

என் பரிந்துரை ‘பூர்வீகப்பெயர்’. ‘உங்களுக்குப் பூர்வீகம் எது?’ என்று யாரைக் கேட்கிறோம்? வேறு எங்கிருந்தோ வந்தவர் என்று தெரிந்த பிறகுதான் கேட்கிறோம். கேட்பவர் உள்ளூர், பதில் சொல்பவர் வெளியூர். ஆங்கிலச் சொல்லில் இல்லாத இந்தப் பார்வைக்கோணம் தமிழ்ச் சொல்லிலேயே படிந்து கிடக்கிறது. வடசொல் என்ற ஆட்சேபம் வரும் என்று தெரியும். கலைச்சொல்லுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்பதைவிட அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதே என் வழக்கம். ‘ஆதியில் இருந்த பெயர்’ என்று சிலர் படித்துவிடுவார்கள் என்ற ஆட்சேபம் இதைவிட வலுவானது. அதற்காகவே வரையறையை இறுக்கமாக எழுத வேண்டியிருக்கிறது.

வரையறையில் இன்னொன்றும் சேர வேண்டும். ருமேனிய அரசு 1895இல் பெயர்கள் பற்றிய சட்டம் கொண்டுவந்து குடும்பப்பெயரை நிலைப்படுத்தியது. அதற்கு முன் அப்பா பெயர், தொழில், பட்டப்பெயர் என்று தலைமுறைக்குத் தலைமுறை மாற இடமிருந்தது. சட்டம் வந்தபோது எந்த அழைப்பெயர் வழக்கில் இருந்ததோ அது உறைந்துபோயிற்று. ஆகவே பூர்வீகப்பெயர் காட்டுவது குடும்பத்தின் எல்லாப் பயணங்களையும் அல்ல, பெயர் உறைவதற்கு முந்தைய ஒரு பயணத்தை மட்டும். இன்று இத்தாலியின் தூரின் நகரில் வேலை செய்யும் ஓர் உங்குரியானு ருமேனியாவின் யாஷிலிருந்து போயிருக்கலாம். யாஷின் சுவடோ தூரினின் சுவடோ பெயரில் இல்லை. இருநூறு, முந்நூறு ஆண்டுக்கு முந்தைய மலைக்கணவாய்தான் இருக்கிறது. 2012இல் சில மாதங்கள் பிரதமராக இருந்த வரலாற்றாசிரியர் மிஹாய் ரஸ்வான் உங்குரியானு பிறந்ததும் யாஷில், பழைய மொல்டாவியாவின் தலைநகரில். பெயர் முளைத்தது மலைக்கு அப்பால்தான் என்பதைக் கவனியுங்கள்.

வெளிநாட்டுப் பரவலைப் பற்றிய பகுதிக்குச் சில குறிப்புகள். முதலில், பழைய மொல்டாவியாவின் ஒரு பகுதியில் அமைந்த இன்றைய மொல்டோவா குடியரசை ‘வெளிநாடு’ என்று இத்தாலியோடு ஒரே வரிசையில் வைக்காதீர்கள். அங்கே உங்குரியானுக்கள் யாரும் நாடு மாறிப் போகவில்லை. எல்லைதான் அவர்கள் தலைக்கு மேலே பலமுறை நகர்ந்தது. உக்ரைனின் செர்னிவ்சி வட்டாரத்துக்கும் இது பொருந்தும். சோவியத் காலத்தில் பெயர் சிரிலிக் எழுத்தில் பதிவாகி, ‘ஏ’, ‘ஆ’ என்ற இரண்டு உயிர்களின் இடத்தை ‘யா’ என்ற ஒற்றை எழுத்து பிடித்துக்கொண்டது. மொல்டோவா 1989இல் லத்தீன் எழுத்துக்குத் திரும்பியது. உக்ரைன், ரஷ்யக் கடவுச்சீட்டுகளில் அந்தச் சிரிலிக் வடிவமே மறுபடி லத்தீனாக்கப்படுவதால், இடையில் ஓர் ‘இ’ நுழைந்த வேறு எழுத்துக்கூட்டல் வருகிறது. கணினியில் தேடினால் அண்ணனும் தம்பியும் இரண்டு வேறு குடும்பம்போல் தெரிவார்கள். இந்த வகைக்கு ‘எழுத்துத்திரிபு’ என்ற சொல்லையே போடலாம். புதிதாக ஆக்க வேண்டியதில்லை.

அட்லாண்டிக்கைத் தாண்டி முதல் உலகப்போருக்கு முன் ஒஹையோவின் இரும்பாலைகளுக்குப் போன ருமேனியர்களில் பெரும்பாலோர் திரான்சில்வேனியா, பனாத், புக்கோவினா பகுதிகளைச் சேர்ந்தவர்கள். அதனால் பழைய அமெரிக்க ருமேனியக் குடும்பங்களிடையே மொல்டொவான், முன்தியான், பொப் போன்ற மலை உள்பக்கத்துப் பெயர்களை எதிர்பார்க்கலாம். மேற்கு ஐரோப்பாவின் கதை மிகவும் புதியது. 2002இல் ஷெங்கன் நாடுகளுக்கு விசா தேவையில்லை என்றானது. 2007 ஜனவரி 1இல் ருமேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. இத்தாலியில் இன்று ருமேனியக் குடியுரிமை உள்ளவர்கள் பத்து லட்சத்துக்கு மேல். அந்நாட்டின் மிகப்பெரிய வெளிநாட்டுச் சமூகம் அதுவே. உங்குரியானு அங்கே சாதாரணப் பெயராகிவிட்டது. இத்தாலிய வரி எண்ணில் குடும்பப்பெயரின் முதல் மூன்று மெய்யெழுத்துகளைச் சேர்ப்பார்கள். உங்குரியானு வீட்டார் எல்லோருடைய எண்ணும் என், ஜி, ஆர் என்ற மூன்று எழுத்துகளில்தான் தொடங்கும். ஸ்பெயினில் ஆளுக்கு இரண்டு குடும்பப்பெயர் என்பதால், அந்நாட்டுக் குடியுரிமை பெறுபவர் தாயின் குடும்பப்பெயரையும் சேர்த்துக்கொள்கிறார். முதல் குடும்பப்பெயர்ப் பட்டியலில் மட்டும் தேடினால் இரண்டாம் பெயராக நிற்கும் உங்குரியானுக்கள் விட்டுப்போவார்கள்.

பெயர் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் நிலப்படத்துக்கு இரண்டு சொல் வேண்டும். இத்தனை பேர் என்ற கணக்குக்கு ‘எண்ணிக்கை’. பத்து லட்சம் பேருக்கு எத்தனை பேர் என்பதற்கு ‘அடர்வு’. சுமார் 6 கோடிப் பேர் வாழும் இத்தாலியை எண்ணிக்கைப் படம் பளிச்சென்று காட்டும். அடர்வுப் படத்தில் 30 லட்சத்துக்கும் குறைவானோர் வாழும் மொல்டோவா குடியரசு முன்னுக்கு வரும். இரண்டையும் ‘பரவல்’ என்று மொழிபெயர்த்துவிட்டால் வாசகர் எந்தப் படத்தைப் பார்க்கிறார் என்பதே தெரியாது.

சொற்பட்டியலுக்கான வரைவு:

ஊர்ப்பெயர்: இடம் ஒன்றின் பெயரிலிருந்து பிறந்த குடும்பப்பெயர்.

காணிப்பெயர்: தனக்கு உடைமையான ஊரால் ஒரு குடும்பம் பெற்ற ஊர்ப்பெயர். எ-டு: பிரன்கொவியானு.

பூர்வீகப்பெயர்: குடிபெயர்ந்து வந்தவருக்கு, அவர் விட்டுவந்த இடத்தைச் சுட்டி, வந்து சேர்ந்த இடத்தார் இட்டு நிலைத்த ஊர்ப்பெயர். எ-டு: உங்குரியானு, மொல்டொவான்.

ருமேனிய உச்சரிப்பில் அந்த ‘ஏஆ’ ஒரே மூச்சில் வருவதால்தான் ‘ரியா’ என்று எழுதினேன். ‘உங்குரேயானு’ என்று இழுத்து எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு ஏதும் வரவில்லையென்றால் மூன்று சொற்களையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். உங்குரு போல இனப்பெயரே குடும்பப்பெயரான வகைக்கு ‘இனப்பெயர்’ போதுமா என்பதற்குத் தனி இழை தொடங்குங்கள். இதற்குள் போட்டால் இரண்டும் கலைந்துவிடும்.