கார் பேட்டரி சார்ஜ் நிற்கவில்லை – சார்ஜரின் ரிப்பேர் மோடு போடலாமா?

கோத்தகிரியில் இருக்கிறேன். 2018 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். பேட்டரி 12 வோல்ட், 35 ஏஎச் (ஆம்ப்-அவர், அதாவது கொள்ளளவு), மூடி திறக்க முடியாத மெயின்டனன்ஸ் ஃப்ரீ வகை, மூன்று வருடம் பழையது. போன மாதத்திலிருந்து ரெண்டு நாள் வண்டி நின்றாலே காலையில் டக் டக் சத்தம் மட்டும்தான். அம்மாவை அடிக்கடி குன்னூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருப்பதால் இதை இப்படியே விட முடியாது.

மெக்கானிக், ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரில்தான் கோளாறு என்றார். ஆனால் இன்ஜின் ஓடும்போது 14.2 வோல்ட் காட்டுகிறது, அதனால் ஆல்டர்னேட்டரில் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வண்டியைப் பூட்டி, நன்றாகக் காத்திருந்து கரண்ட் கசிவு பார்த்தேன்: 30 மில்லி ஆம்ப். ரெண்டு நாளைக்குக் கணக்குப் போட்டாலும் ஒன்றரை ஏஎச் கூட வராது. டெர்மினல் சுத்தம் செய்தாயிற்று.

வெளியே எடுத்து, காற்றோட்டமான திண்ணையில் வைத்து 3.5 ஆம்பில் முழுசாக சார்ஜ் ஏற்றினேன். சில மணி நேரம் ஓய்வுக்குப் பின் 12.7. மைனஸ் வயரைக் கழற்றியே வைத்திருந்தும் ரெண்டு நாளில் 12.2. ஸ்டார்ட் அடிக்கும்போது 9 வோல்ட்டுக்குக் கீழே இறங்குகிறது. கடைக்காரரோ டெஸ்டர் வைத்து "நல்லா இருக்கு" என்கிறார். சார்ஜ் ஏற்றின சூட்டோடு பார்த்ததால் அப்படிக் காட்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

என் சார்ஜரில் 15.8 வோல்ட் வரை ஏற்றும் ரிப்பேர் மோடு இருக்கிறது. தண்ணீர் ஊற்ற வழியில்லாத இந்த வகை பேட்டரிக்கு அதைப் போடுவது பாதுகாப்பா?